ரப்பர் போட்ட முதல் பக்கம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் வீட்டுக்காரர் லூர்துசாமிக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும். பூச்சி என்றால் பயம், உப்புக்காற்று என்றால் பயம், வீட்டுக்கு வரும் விருந்தாளியின் விரலில் ஒட்டியிருக்கும் முறுக்கு எண்ணெய் என்றால் பெரும் பயம். இத்தனை பயமும் தனக்காக இல்லை. பீரோவில் அடுக்கி வைத்திருந்த பழைய படக்கதைப் புத்தகங்களுக்காக. தனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையோடு விட்டுவிடுகிற மனுஷர், ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடப்பார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் டாக்டரிடம் அவர் கம்பவுண்டர். டாக்டர் வேண்டாமென்று ஒதுக்கிய கொக்கிகளையும் பஞ்சு உருளைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். புத்தகத்தின் முதுகில் குத்தியிருக்கும் பின்னைச் சுற்றித் துருவைச் சுரண்டுவதற்கு அவை. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கம். அந்தக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும்போது பின் எம்மாத்திரம்? ஊரார் பல்லில் சொத்தை பார்த்துவிட்டு வந்து, ராச்சாப்பாடு வரைக்கும் புத்தகத்தில் சொத்தை பார்ப்பார்.

சுருண்டும் மடிந்தும் வந்த புத்தகத்தை நேராக்க அவர் வைத்திருந்த முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் கருவி என் இட்லிப் பானை. தட்டை எடுத்துவிட்டு, பானை வாயில் துணி கட்டி, மேலே வரும் ஆவியில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டுவார். தாள் சற்றே பதமானதும் பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே வேட்டித் துணி போட்டு, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தடவுவார். கடைசியில் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு இடையில் படுக்க வைத்து, அதன்மேல் என் அம்மிக்கல்லை ஏற்றிவிடுவார். மிக்சி வந்துவிட்டதால் அம்மிக்கு இனி வேறு வேலை இல்லை என்று அவராகவே தீர்மானம் செய்துகொண்டார். ஒரு வாரம் கழித்து எடுத்தால் புத்தகம் புதுத் துணி மாதிரி விறைப்பாக இருக்கும். மடித்த தடம், நகம் கீறிய தடம், யாரோ அழுத்தி எழுதிய தடம், எதுவும் மிஞ்சாது. அதில் அவருக்குப் பெருமை.

தரம் பிரிப்பதற்கு அவரும் புத்தகம் சேர்க்கிற கூட்டாளிகளும் என்னென்னவோ இங்கிலீஷ் பேர் சொல்வார்கள். எனக்குப் பேர் சவரி, ஊர் அண்ணாகிராமம். முந்திரி உடைத்து, பருப்பைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வளர்ந்த கை இது. "இதுக்குப் போயி எதுக்கு இங்கிலீஷு? முழுசு, பாதி, துண்டு, குருணை. அவ்ளோதான?" என்றேன் ஒருநாள். கேலிக்குத்தான் சொன்னேன். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அட்டை, பின், முதுகு, உள்தாள் எல்லாம் சரியாக இருந்தால் முழுசு. ஒன்று குறைந்தால் பாதி. அதற்குமேல் குறைந்தால் துண்டு. அட்டையே இல்லாதது குருணை. முதல் பக்கத்தில் யாராவது பென்சிலால் எழுதியிருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது முழுசு ஆகாது.

ஆகவே ரப்பர். ஆவி காட்டுவதற்கு முன்னாலேயே ரப்பர் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் கரி தாளோடு தாளாகப் பதிந்துவிடும் என்பார். படக்கதைப் புத்தகம் என்றாலே பிள்ளைகள் கையில் புரண்டதுதானே? பேர், வகுப்பு, பிரிவு, இரவல் கேட்காதே என்று ஒரு மிரட்டல், கதாநாயகிக்கு மீசை. எனக்குக் கதைகளில் ருசி இல்லை. இந்தக் கிறுக்கல்களை வாசிக்க மட்டும் ஆசை. வாய்விட்டு வாசித்துச் சிரிப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எழுத்தை எழுத்தாகப் பார்த்ததே இல்லை, அழுக்காகத்தான் பார்த்தார்.

சிதம்பரத்தில் தில்லைநாதன் என்று ஒருவர், தெற்கு வீதியில் பாத்திரக் கடை. இவரைப் போலவே புத்தகப் பைத்தியம். பயந்தாங்கொள்ளி இல்லை, முன்கோபி. கண்ணாடி பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற ஆள். அவருக்கும் ரேகாவுக்கும் ஒரே மகன், சேரன். ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை நாங்கள் போயிருந்தபோது பிள்ளை பீரோப் பக்கம் வந்து நின்று கண்ணாடி வழியாக அட்டைகளைப் பார்த்தான். அவ்வளவுதான் செய்தான். "டேய்" என்று அப்பன் போட்ட அதட்டலில் என் கையிலிருந்த காபி தளும்பியது. பிள்ளை, கண்ணாடியில் படிந்த தன் மூச்சைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு உள்ளே போனான். அந்த வீட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் கை படாது என்பது கூட்டாளிகள் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் அதை ஒரு சிறப்பாகவே சொல்லுவார். எனக்கு வயிறு எரியும்.

2004ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மாதா கோயில் பூசையில் இருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு தப்பித்தது. அரையாண்டு லீவுக்குக் கடலூரில் அத்தை வீட்டுக்கு வந்திருந்த சேரன், காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பந்து விளையாடப் போனவன், திரும்பி வரவில்லை. மறுநாள்தான் கிடைத்தான். நாங்கள் சாவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு ஊரே லூர்துசாமி ஆகிவிட்டது. பொங்கல் முடிந்த வாரம் எவனோ "தண்ணி வருது" என்று கத்தினான். தெருவே மேற்கே பார்த்து ஓடியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, புதுச்சேரியில் நர்சிங் படிக்கிற மகளின் சர்டிபிகேட் பையைத் தேடி எடுத்து வருவதற்குள், இவர் புத்தகம் அடைத்த டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீரும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. "கட்டுன பொண்டாட்டிய உட்டுட்டுப் பொட்டியத் தூக்கினு ஓடுறீங்களே, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டேன். "ஒனக்குக் காலு இருக்குது. அதுக்கு இல்லியே" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. இந்த மனுஷரை என்ன செய்வது?

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த சமயத்தில் தில்லைநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு புத்தகம். "மடிஞ்சி கெடக்குது லூர்து. நேராக்கிக் குடு" என்றார். காபி வேண்டாமென்று எழுந்துவிட்டார். பையைக் கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எதைத்தான் நேராகப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தப் புத்தகம் தில்லைநாதனிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லையாம். பேரெல்லாம் என் வாயில் நுழையாது. அட்டையில் குதிரைக்காரன் ஒருவன் பாலத்திலிருந்து கீழே விழுந்துகொண்டிருப்பான். நடுவில் நெட்டுக்கு ஒரே மடிப்பு. பூட்டுக்குள் இருந்த புத்தகம் எப்படி மடிந்தது என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. முதல் பக்கத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தது. வழக்கம்போல வாய்விட்டு வாசித்தேன்.

"இது எங்க அப்பா புக்கு. யாரும் தொடக் கூடாது. தொட்டா அடி விழும்."

"யாரு பெத்த புள்ளையோ, அப்பன் புக்குக்கு நல்லாக் காவ காத்திருக்கான்" என்று சிரித்தேன்.

"மொதல்ல வெச்சிருந்தவங்க வூட்டுப் பையனா இருக்கும். ரப்பர் போட்டுட்டா இது முழுசு சவரி, முழுசு" என்றார் அவர். வெள்ளை ரப்பரை எடுத்துப் பூப்போலத் தேய்த்தார். துகளைத் தூரிகையால் தள்ளினார். இட்லிப் பானை ஏறியது, இஸ்திரிப் பெட்டி சுட்டது, அம்மிக்கல் உட்கார்ந்தது.

கல்லை இறக்கியபோது அப்படி ஒரு புத்தகத்தை நானே பார்த்ததில்லை. குதிரைக்காரன் அப்போதுதான் விழத் தொடங்கியவன் மாதிரி இருந்தான். ஒரு சீட்டில் 'முழுசு' என்று எழுதி உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் போய்ச் சற்று நேரத்தில் போன் அடித்தது. தில்லைநாதன். குரலில் பழைய வேகம் இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தங்கச்சி, அந்தப் புக்கு எம் பையன் எடுத்துனு போனது. நான் குளிக்கறப்ப சாவிய எடுத்து, எனக்குத் தெரியாம பீரோவத் தொறந்து, அத்த வூட்டுக்குக் கொண்டுனு போயிட்டிருக்கான். அங்க பரண் மேல கவர்ல சுத்தி வெச்சிருந்தானாம். வூட்டுக்குள்ள தண்ணி பூந்து எல்லாம் போயிடிச்சி, அது மட்டும் நின்னுது. எனக்கு அதத் தொறக்கத் தெகிரியம் இல்ல. நேத்து எந் தங்கச்சி, அவன் அத்ததான், வந்தது, மொதப் பக்கத்துல அவன் ஒக்காந்து ஏதோ எழுதினு இருந்தான்னு சொல்லுது. இன்னான்னு அது படிக்கல. அவனோட ஆறாவது நோட்டெல்லாம் பையோட தண்ணியில போச்சு. அஞ்சாவது நோட்ட எடைக்குப் போட்டுட்டோம். அவன் கையெழுத்துன்னு வூட்ல ஒரு துண்டு இல்லம்மா. ரேகா நேத்துலேர்ந்துதான் சோறு தின்னுது. லூர்து கிட்ட சொல்லு, மொதப் பக்கத்த மட்டும் ஒண்ணும் பண்ணிட வேணாம்னு."

மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் ஓடியது.

"நாங்க வந்து வாங்கிக்கட்டுமா தங்கச்சி?"

"வேணாண்ணே" என்றேன். "ஞாயித்துக் கெழம நாங்களே கொண்டாந்து தர்றோம்."

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். பிசைந்த கை சோற்றிலேயே நின்றது. கழுவாமல் எழப் போனவரை உட்கார வைத்துக் கையில் தண்ணீர் ஊற்றினேன். புத்தகத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பென்சில் கரி போனாலும் அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழுதிவிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. பள்ளம் எங்கே இருக்கும்? அம்மிக்கல்லை ஏற்றியது அவர்தானே? விரல் வைத்துத் தடவினால் குருத்து வாழையிலை மாதிரி வழவழவென்று இருந்தது. அவருடைய வேலை எவ்வளவு சுத்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று முதல் அவர் வேலைக்குப் போகவில்லை. போன் அடித்தால் கொல்லைப்புறம் போய்விடுவார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தில்லைநாதன் வந்துவிட்டார் என்று ஒளிந்துகொள்ளப் பீரோவுக்குப் பின்னால் இடம் பார்ப்பார். வெள்ளிக்கிழமை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். இது எங்க அப்பா புக்கு, இது எங்க அப்பா புக்கு. முதல் வரி பெரியவர் எழுத்தாக இருந்தது. போகப் போக, கீழே, அது ஒரு பிள்ளையின் எழுத்தாக மாறியிருந்தது.

"சாஞ்சி இருந்துதா, நேரா இருந்துதா? நீதான படிச்ச, சொல்லு" என்றார் தலை நிமிராமல்.

"இன்னா பண்றீங்க?"

"அவரு பாத்ததே இல்ல சவரி. பாக்காத எழுத்து. யாரு கண்டுபுடிக்கப் போறா?"

"பெத்தவ கண்டுபுடிப்பா."

"கண்டுபுடிக்கலன்னா?"

"அதான் எனக்கு ஜாஸ்தி பயமா இருக்குது" என்றேன். "காலம் பூரா ஒங்க கையெழுத்துக்கு முத்தம் குடுத்துனு கெடப்பா அவ. ஒங்களுக்குத் தூக்கம் வருமா?"

காலண்டர் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றார். அழுதாரா என்று தெரியாது, நான் பார்க்க விரும்பவில்லை.

எனக்கு அதைவிட வேறு ஒரு பயம் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. எழுத்து போய்விட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? என்ன எழுதியிருந்தது என்பதுதானே? அதைப் படித்தவள் உலகத்தில் நான் ஒருத்தி. கடைசி வரியை அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினோம். இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டிய புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. முட்லூரில் பஸ் நின்றபோது, "எறங்கிடலாமா?" என்றார்.

"எறங்கி?"

வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

தில்லைநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே சேரனின் படத்துக்குப் புது மாலை. ரேகா எங்களைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். தில்லைநாதனின் கையும் கழுவியதாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கையை நீட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. பிடி தளரவில்லை. தில்லைநாதன் ஒரு பக்கம் பிடித்திருக்க, இவர் ஒரு பக்கம் விடாமல் பிடித்திருந்தார். இனி இவர் பேசமாட்டார் என்று தெரிந்துபோயிற்று.

"அண்ணே, அந்த எழுத்து இல்ல" என்றேன். "அழிச்சிட்டாரு. ஒங்க போனு வர்றதுக்கு முந்தியே. யாரோ எழுதினதுன்னு நெனச்சிட்டோம்."

ரேகாதான் புத்தகத்தை வாங்கினாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். வெறும் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடி, அட்டையின் நடுவில் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினாள்.

"மடிச்ச எடம்கூடப் போயிடிச்சா அக்கா?" என்று என்னைக் கேட்டாள். "சட்டைக்குள்ள மடிச்சி வெச்சித்தான் கொண்டுனு போயிருப்பான்."

தில்லைநாதன் ஒரு எட்டு முன்னால் வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடி விழப்போகிறது என்று நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அடிச்சிடுங்க சார்" என்றார். எப்போதும் 'நாதன்' என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு சார் என்றார்.

அடி என்ற சொல்லைக் கேட்டதும் தில்லைநாதன் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார். "இன்னா எழுதியிருந்தான்?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது எங்க அப்பா புக்கு" என்றேன். "யாரும் தொடக் கூடாது." அதோடு நிறுத்திவிட்டேன்.

"அவ்ளோதானா அக்கா?" என்றாள் ரேகா.

பொய் சொல்லப் பயமாக இருந்தது, உண்மை சொல்லவும் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கும்" என்றார் தில்லைநாதன். என்னைப் பார்க்கவில்லை, பீரோவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொட்டா அடி விழும். அதானம்மா?"

தலையை ஆட்டினேன்.

ரேகா எழுந்து உள்ளே போனாள். கடைக் கணக்குக்கு வைத்திருந்த பென்சிலைக் கொண்டுவந்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் போட்டாள்.

"ஒங்க வார்த்ததான. நீங்களே எழுதுங்க" என்றாள்.

அவர் பாயில் உட்கார்ந்தார். "எந்த எடத்துல லூர்து?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குனிந்து இடத்தைக் காட்டினார். என்ன எழுத்து என்று தெரியாவிட்டாலும், தேய்த்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். தில்லைநாதன் எழுதத் தொடங்கினார். இது எங்க அப்பா என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் பென்சில் நகரவில்லை.

"எழுதுங்க" என்றாள் ரேகா.

அவர் எழுதவில்லை. அவள் நகரவும் இல்லை. நாங்கள் எழுந்தோம். போய் வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்த என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.